சுன்னாகத்துக் கிணறும் நம் தோட்டத்து மழைக் கணக்கும்



"டீச்சர், யாழ்ப்பாணத்துக் கிணத்துக் கத நமக்கு எதுக்கு? சம்பளக் கதயப் பேசுங்க." போன கமிட்டிக் கூட்டத்தில் எங்கள் கீழ்ப்பிரிவுத் தலைவர் இப்படிக் கேட்டார். கேட்டதில் தப்பில்லை. சந்தா கட்டுகிற ஒவ்வொருவருக்கும் அப்படிக் கேட்க உரிமை இருக்கிறது. அன்றைக்கு நேரம் போய்விட்டது, மழையும் பிடித்துக்கொண்டது, நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

சில மாதங்களுக்கு முன் கிளிநொச்சியில் ஒரு உறவுக் கல்யாணத்துக்குப் போனோம். 77க்கும் 83க்கும் பிறகு மலையை விட்டு இறங்கிப் போன நம் சனம் அங்கே எவ்வளவு இருக்கிறது என்று நான் சொல்லத் தேவையில்லை. கல்யாணம் முடிந்து ஒரு நாள் மிஞ்சியது. மாதர் சங்கத்து அக்காமார் மூன்று பேரையும் கூட்டிக்கொண்டு சுன்னாகத்தில் எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வீட்டுக்குப் போனேன். போன உடனே ஒரு அக்கா முகம் கழுவக் கிணற்றடிக்குப் போனார். வாளியை இறக்கியதும் ஐயா திண்ணையிலிருந்து குரல் கொடுத்தார். "பிள்ளை, கை கால் கழுவுங்கோ. வாய்க்குள்ள மட்டும் விடாதையுங்கோ. நாங்கள் அதைக் குடிக்கிறேல்ல."

அக்காவுக்கு விளங்கவில்லை. வீட்டு வாசலில் சொந்தக் கிணறு, கண்ணாடி போலத் தண்ணீர், அதைக் குடிக்கக் கூடாதா? நாம் பீலிக்கரையில் குடத்தை வரிசையில் வைத்துவிட்டுச் சண்டை பிடிக்கிற ஆட்கள். எங்களுக்கு அது பெரிய அதிசயமாக இருந்தது. ஐயா உள்ளே போய் ஒரு பழைய கொப்பியை எடுத்து வந்தார். 2014ஆம் ஆண்டிலிருந்து தண்ணீரில் மணம் வந்த நாள், மேலே படலம் மிதந்த நாள், பவுசர் வந்த நாள், வராத நாள் எல்லாம் அதில் எழுதியிருந்தது. இந்தக் கட்டுரை அந்தக் கொப்பியைப் பற்றியதுதான்.

முதலில் அங்கே நடந்ததைச் சொல்கிறேன். யாழ்ப்பாணக் குடாநாட்டில் நம் ஊர் மாதிரி ஓடும் ஆறு கிடையாது. அடியில் முழுக்கச் சுண்ணாம்புக்கல். மழைத்தண்ணீர் அந்தக் கல்லின் இடுக்குகளில் இறங்கி உப்புத்தண்ணீருக்கு மேலே நல்ல தண்ணீராக நிற்கிறது. குடிக்க, குளிக்க, தோட்டத்துக்கு இறைக்க எல்லாம் அதிலிருந்துதான். யாழ்ப்பாணத்தார் தோட்டம் என்று சொல்வது வெங்காயம், புகையிலை, மிளகாய் போடுகிற நிலத்தை. கிணறு ஆளுக்கொன்று, ஆனால் அடியிலுள்ள தண்ணீர் ஒன்றுதான். ஒரு இடத்தில் ஊற்றியது நாலு வேலி தாண்டி இன்னொருவர் வாளியில் வரும்.

சுன்னாகத்தில் மின்சார நிலையம் பல காலமாக இருக்கிறது. போருக்குப் பின் மின்சார சபைக்கு மின்சாரம் விற்க நொதேர்ன் பவர் என்ற தனியார் நிறுவனம் அங்கே எண்ணெய் எரித்து மின்சாரம் எடுத்தது. பின்னர் மின்சார சபையின் உதுரு ஜனனி நிலையமும் வந்தது. கிணற்றுத் தண்ணீரில் எண்ணெய் மிதக்கிறது என்று சனம் சொல்லத் தொடங்கியபோது முதலில் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பிறகு நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆட்களே 2013 நவம்பர் முதல் 2014 ஜூலை வரை சுற்றுவட்டாரத்துக் கிணறுகளைச் சோதித்தார்கள். 150 கிணறுகள். அவற்றில் 109இல் எண்ணெயும் கிரீசும் அனுமதித்த அளவுக்கு மேலே இருந்தன. நூற்றுக்கு எழுபத்துமூன்று.

அந்த எண் வந்த பிறகுதான் விஷயம் மாறியது. 2015 தொடக்கத்தில் சனம் தெருவுக்கு வந்தது. தாய்மார் வந்தார்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்தார்கள், வைத்தியர்களும் பேசினார்கள். மல்லாகம் நீதவான் நீதிமன்றம் நிலையத்தின் வேலையை நிறுத்தி வைக்க உத்தரவிட்டது. இதற்கிடையில் வட மாகாண சபை அமைத்த நிபுணர் குழு பயப்படும்படியான நச்சு இல்லை என்கிற பாங்கில் அறிக்கை கொடுத்தது. தங்கள் வாக்கில் வந்த சபையே இப்படிச் சொன்னதும் ஊரில் பலருக்கு மனம் விட்டுப்போனது என்று ஐயா சொன்னார். "கட்சிக்காரர் வந்து படம் எடுத்தினம், போட்டினம். கொப்பி எழுதின ஆக்கள்தான் மிஞ்சினது" என்றார். அவர் எல்லாக் கட்சியையும் சேர்த்துத்தான் சொன்னார். நம் பக்கத்துக் கட்சிகளையும் சேர்த்துக்கொள்ளலாம், நான் தடுக்கமாட்டேன்.

வழக்கை உயர் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனவர் சுன்னாகத்துக்காரர் இல்லை. ரவீந்திர குணவர்தன காரியவசம் என்ற சிங்களச் சூழலியலாளர். தமிழ்ச் சனத்தின் கிணற்றுக்காக அவர் அடிப்படை உரிமை மனுப் போட்டார். 2019 ஏப்ரல் 4ஆம் திகதி தீர்ப்பு வந்தது. அசுத்தம் செய்தவனே செலவை ஏற்க வேண்டும் என்ற விதியைக் காட்டி, பாதிக்கப்பட்ட சனத்துக்கு 2 கோடி ரூபாய் கட்டும்படி நிறுவனத்துக்கு உத்தரவிட்டார்கள். பார்த்துக்கொண்டிருந்த அரச நிறுவனங்களும் கடமையைச் செய்யவில்லை என்று தீர்ப்பில் எழுதினார்கள். 2 கோடி என்றால் கேட்கப் பெரிதாக இருக்கும். அத்தனை கிணறுகளுக்குப் பிரித்துப் பாருங்கள், பெரிதில்லை. நாலு வருடம் கழித்து வந்த காசு அது. ஆனால் எண்ணெய் எரிக்கும் ஒரு கம்பனி சாதாரணச் சனத்துக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று இந்த நாட்டின் மேல்மட்ட நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதை இனி யாரும் அழிக்க முடியாது.

இப்போது தலைவர் கேட்ட கேள்விக்கு வருகிறேன்.

எண்ணெய் எரிக்கிற இடத்தில் இரண்டு அசுத்தம் உண்டு. சிந்தினது கீழே போகும், புகைந்தது மேலே போகும். கீழே போனது சுன்னாகத்துக் கிணற்றில் வந்தது. அதைப் போத்தலில் பிடித்து ஆய்வுகூடத்துக்கு அனுப்ப முடிந்தது. மேலே போனதை யார் போத்தலில் பிடிப்பது? அது உலகத்துப் புகையோடு கலந்து வெயிலைக் கூட்டுகிறது, மழையின் பருவத்தைக் கலைக்கிறது, பெய்யும்போது ஒரே நாளில் கொட்ட வைக்கிறது. கடைசியில் அது வந்து சேருகிற இடங்களில் ஒன்று நம் மலை.

தலைவரே, இதுதான் சம்பளக் கதை. 2021இல் 1,000 ரூபாய்க்கும், 2024இல் 1,350 ரூபாய்க்கும் நாம் எவ்வளவு கத்தினோம்? அந்த எண் ஒரு நாளுக்கு. மாதத்தில் எத்தனை நாள் பேர் விழுகிறது என்பது அடுத்த கேள்வி. 2024இன் 1,350 ரூபாய்க் கணக்கில் 25 பேர் விழுந்தால் 33,750 ரூபாய். வெயிலில் மலை கருகிக் கொழுந்து வராமல் 14 பேர்தான் விழுந்தது என்று வையுங்கள், 18,900. நாட்சம்பளம் மாறவில்லை, கைக்கு வருவது பாதி சொச்சம். சேமலாப நிதிக்குப் போவதும் அதற்கேற்பக் குறையும். கொட்டும் மழையில் நிறை வராமல் அரைப்பேர் விழுவதை நான் சொல்லவே இல்லை. சம்பளத்தைக் கூட்டிக் கேட்கிறோம், நாளைக் குறைக்கிறவனைக் கேட்காமல் விடுகிறோம்.

உயிர்க் கணக்கு வேறு. சுன்னாகத்தில் கிணற்றைப் பற்றிச் சனம் புகைந்துகொண்டிருந்த அதே காலத்தில், 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, கொஸ்லந்த மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்கள் மண்ணுக்குள் போயின. அந்த இடம் ஆபத்து என்று முன்னரே எச்சரித்திருந்தார்கள். எச்சரித்தவர்கள் போக ஒரு இடம் காட்டவில்லை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தது. நாடு முழுவதும் 600க்கு மேற்பட்டோர் செத்தார்கள், மலைநாட்டில்தான் மண்சரிவின் அடி பலமாக விழுந்தது. அந்த வெள்ளிக்கிழமை இரவு நாம் எப்படி இருந்தோம் என்று நமக்கே தெரியும். நான் எழுதி நீங்கள் வாசிக்க வேண்டியதில்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானம் வேண்டும், தோழர்களே. எல்லாவற்றையும் காலநிலையின் தலையில் போட்டால் முதலில் சந்தோஷப்படுகிறவர் துரைதான். அந்தச் சொல்லைத் துரைமாரும் இப்போது நன்றாகப் படித்து வைத்திருக்கிறார்கள். கான் வெட்டாமல் விட்டதற்கும், லயத்துக்கு மேலே இருந்த மரங்களை விற்றதற்கும், நூறு வருடத்துக் கூரையை மாற்றாததற்கும் ஒரே பதில்: "காலநிலை மாற்றம்தானே, நாங்கள் என்ன செய்ய?" ஒரு பேச்சுவார்த்தையில் இதை என் காதால் கேட்டேன். பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. எந்தச் சரிவில் கான் கடைசியாக எப்போது வெட்டினார்கள், அன்று எவ்வளவு மழை பெய்தது, எத்தனை நாள் வேலை நின்றது, எதற்கும் நம் கையில் ஒரு எண் இல்லை. அவர் கையில் இருந்தது. தோட்டத்து ஆபீசில் மழைமானி வைத்து நாள்தோறும் எழுதுகிறார்கள். வெள்ளைக்காரன் காலத்திலிருந்து எழுதுகிற தோட்டங்கள் உண்டு. நம் தலையில் பெய்த மழையின் கணக்கு அவர் அலுமாரியில்.

ஐயாவின் கொப்பியைப் பார்த்தபோது எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது.

"சரி, துரையைக் கேட்கலாம். எண்ணெய்க் கம்பனியை எங்கே போய்க் கேட்பது?" நியாயமான கேள்விதான். சுன்னாகத்தாருக்கு நிறுவனம் வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தது. நமக்கோ டவுனில் ஒரு பெற்றோல் செட்தான் தெரியும். ஆனால் புகைக்குச் சொந்தக்காரர் இல்லாமல் இல்லை. ரிச்சர்ட் ஹீடி என்ற ஆய்வாளர் 2013இல் ஒரு கணக்கு வெளியிட்டார். கைத்தொழில் தொடங்கிய காலத்திலிருந்து மனிதன் விட்ட காபன் புகையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வெறும் 90 நிறுவனங்களின் எண்ணெய், எரிவாயு, நிலக்கரி, சீமெந்திலிருந்து வந்தது என்று அது சொல்கிறது. செவ்ரோன், எக்ஸோன், ஷெல், பிபி, சவூதி அராம்கோ எல்லாம் அந்தப் பட்டியலில் வருகிற பெயர்கள். தொண்ணூறு பெயர் என்பது நம் டிவிசன் பெரட்டு லிஸ்டை விடச் சின்னது.

கேட்டுப் பார்த்தவரும் இருக்கிறார். தென்னமெரிக்காவில் பெரு நாட்டின் மலையில் உவாராஸ் என்று ஒரு ஊர். அங்கே சவுல் லுசியானோ லியூயா என்ற விவசாயி, மலை ஏற வருகிறவர்களுக்கு வழிகாட்டியும் கூட. வீட்டுக்கு மேலே பனி உருகி ஏரி பெருத்துக்கொண்டு போனது, உடைத்தால் ஊர் போகும். அவர் 2015இல் ஜெர்மனிக்குப் போய் அங்கே பெரிய மின்சாரக் கம்பனியான ஆர்டபிள்யூஈ மேல் வழக்குப் போட்டார். உலகத்துப் புகையில் உன் பங்கு 0.47 வீதம், ஆகவே என் ஊரைக் காக்கும் செலவிலும் அந்தப் பங்கைக் கட்டு என்றார். எவ்வளவு எளிமையான கணக்கு பாருங்கள், பங்குக் கறிக்குக் காசு பிரிக்கிற மாதிரி. பத்து வருடம் இழுத்து 2025 மே 28ஆம் திகதி ஹாம் நகர நீதிமன்றம் அவர் வழக்கைத் தள்ளியது. அவர் வீட்டுக்கு இருக்கும் ஆபத்து போதுமான அளவில்லை என்றார்கள். ஆனால் பெரிய அளவில் புகை விடுகிறவர்கள் இப்படியான தீங்குக்குப் பொறுப்பாகலாம் என்ற கொள்கையை ஏற்றுக்கொண்டார்கள். அவர் தோற்றது அளவில். அதாவது மறுபடியும் எண்ணில்.

அங்கே ஏரிக்குக் கீழே வீடு, இங்கே சரிவுக்குக் கீழே லயம்.

நாளைக்கே நாம் ஜெர்மனிக்குப் போக வேண்டும் என்று சொல்லவில்லை. சங்கத்துக்குக் கொழும்புக்குப் போக பஸ் காசு சேர்ப்பதே பெரும்பாடு. ஆனால் பக்கத்தில் ஒன்று இருக்கிறது. மன்னார்க் கடலில் 2011இல் கெயார்ன் நிறுவனம் துளையிட்டு எரிவாயு கண்டுபிடித்தது, பிறகு விட்டுவிட்டுப் போனது. அங்கே மறுபடியும் துளையிடும் பேச்சு வந்து வந்து போகிறது. அனுமதி கொடுத்தால் முதலில் எதிர்த்து நிற்கப் போகிறவர்கள் மன்னார் மீனவர்கள். அந்த நாளில் நம் சங்கக் கொடி அவர்களோடு நிற்குமா? தமிழ்நாட்டில் நெடுவாசல் சனம் 2017இல் ஹைட்ரோகார்பன் கிணற்றுக்கு எதிராக மாதக்கணக்கில் பந்தலில் உட்கார்ந்தது, தோண்டுவதற்கு முன்பே. 2020இல் காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கி அங்கே சட்டம் வந்தது. சுன்னாகத்தார் கிணறு போன பிறகு எழும்பினார்கள், நெடுவாசலார் போகுமுன் எழும்பினார்கள். மன்னாரில் இன்னும் நேரம் இருக்கிறது.

ஒரு தோழர் எதிர்த்துக் கேட்பார், எனக்குத் தெரியும். "2022இல் எண்ணெய் இல்லாமல் நாம் பட்டது போதாதா? இப்போது எண்ணெய் வேண்டாம் என்று கோஷமா?" அந்த வருடத்து வரிசையை நானும் மறக்கவில்லை. ஓகஸ்ட்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரே இரவில் 340 ரூபாய் ஆனது. லயத்தில் அடுப்புக்கும் விளக்குக்கும் அதை வாங்கியவர்கள் யார், கடலுக்குப் போகப் படகுக்கு அதை ஊற்றியவர்கள் யார்? நாமும் மீனவர்களும்தான். அந்த வரிசையை நான் வேறு மாதிரிப் பார்க்கிறேன். எண்ணெயை நம்பி நிற்கிற வரை விலை ஏறினாலும் நம் தலையில், புகை ஏறினாலும் நம் தலையில். லொறியை நாளைக்கு நிறுத்து என்று யாரும் கேட்கவில்லை. லாபம் எடுத்தவன் செலவைக் கட்டட்டும், புதிய கிணறு தோண்டாதே, இந்த இரண்டும்தான் கேட்கிறோம். சரிவுக்குக் கீழே உள்ள லயங்களை மாற்றக் காணி இல்லை, காசு இல்லை என்று ஒவ்வொரு அரசாங்கமும் சொல்கிறது. அந்தக் காசு எங்கே இருக்கிறது என்று காட்டுகிற போராட்டம் இது.

நம் சங்கத்தின் மேலும் எனக்கு ஒரு குறை இருக்கிறது, எழுதாமல் விட்டால் நியாயமில்லை. மேதின மேடையில் சம்பளம் பேசுகிறோம், காணி பேசுகிறோம். மழையைப் பற்றிப் பேசினால் அது கொழும்பில் ஆங்கிலம் பேசுகிற ஆட்களின் வேலை என்று ஒதுக்குகிறோம். மழையில் நனைகிறவர் பேசாமல் வேறு யார் பேசுவது?

அதனால் எங்கள் தோட்டத்தில் தொடங்கிவிட்டோம். பெரிதாக ஒன்றுமில்லை. டிவிசனுக்கு ஒரு கொப்பி. திகதி, மழை, பேர் விழுந்த ஆட்கள், வேலை நின்ற மணி, மண் இறங்கிய இடம், கான் வெட்டிய நாள், பீலியில் தண்ணீர் வந்ததா, நிறம் மாறியதா. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதுகிறார்கள். கணித பாடத்துக்கும் உதவுகிறது, அதிபரிடம் அப்படித்தான் சொல்லி அனுமதி எடுத்தேன். எந்த லயம் எந்த ஆபத்து வலயத்தில் என்று கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திடம் கேட்டு, 2016ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பம் எழுதியிருக்கிறோம். ஒரு பக்கத் தாள்தான். மற்றத் தோட்டத்துத் தலைவர்மார் கேட்டால் பிரதி தருகிறேன். ஆபீசில் இருக்கும் பழைய மழைக் கணக்கின் பிரதியைச் சங்கத்துக்குத் தர வேண்டும் என்பதை அடுத்த கூட்டு ஒப்பந்தப் பேச்சில் ஒரு கோரிக்கையாக வைக்கும்படி தலைமையிடம் கேட்கிறேன். ஐம்பது தோட்டத்துக் கொப்பி ஒன்று சேர்ந்தால், எந்தக் கம்பனி வாசலில் போய் நின்றாலும் வெறும் கையோடு நிற்க மாட்டோம்.

சுன்னாகத்து ஐயா எங்களை வழியனுப்பும்போது பனங்கட்டி ஒரு குட்டான் கட்டித் தந்தார். "தேத்தண்ணிக்குக் கடியுங்கோ. உங்கட தேயிலையை நாங்கள் குடிக்கிறம், தண்ணிதான் பவுசர் தண்ணி" என்று சிரித்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "மலை விழுந்த நேரம் நாங்கள் பொருட்கள் சேர்த்து அனுப்பினனாங்கள், தெரியுமோ பிள்ளை? உங்கட ஆக்கள் ஒருக்கா எங்கட தண்ணிக்கும் வந்து நில்லுங்கோ." நான் வருவோம் என்று சொல்லிவிட்டேன். கமிட்டியைக் கேட்காமல் சொன்னது என் தவறு, இந்த மாதக் கூட்டத்தில் அதற்கும் அனுமதி கேட்கிறேன்.

அதே கூட்டத்தில் இன்னொன்றும் தீர்க்க வேண்டும். மழைமானியை யார் வாசலில் வைப்பது? கீழ்ப்பிரிவுத் தலைவர் தன் வாசலில் வைக்கலாம் என்று இப்போது சொல்கிறார். அங்கே கோழிகள் அதிகம் என்று மாதர் சங்கத்து அக்காமார் எதிர்க்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி, பாலர் பாடசாலைக் கட்டடத்தில். கொப்பியோடு வாருங்கள்.